கந்தோருக்குத் துணைக்கு ஆள்: மலையகத்தில் மொழி உரிமையை நாங்களே கண்காணித்த அனுபவம்

இலங்கையில் அரச கந்தோர்களில் (அலுவலகங்களில்) தமிழிலும் சேவை தர வேண்டும் என்ற மொழிக் கொள்கை எப்படி நடக்கிறது என்று பார்க்க அவ்வப்போது கொழும்பிலிருந்து யாராவது வருவார்கள். வாசல் பலகை மூன்று மொழியிலும் இருக்கிறதா, மேசைகளில் பெயர்ப்பலகை இருக்கிறதா, படிவங்கள் தமிழில் அச்சாகியிருக்கின்றனவா என்று ஒரு தாளில் சரி போடுவார்கள். அதிகாரியோடு தேநீர் குடித்துவிட்டு மத்தியானத்துக்குள் கிளம்பிவிடுவார்கள். அறிக்கையில் எங்கள் பக்கத்துக்கு நல்ல மதிப்பெண்தான் கிடைக்கும். அதே கந்தோருக்கு எங்கள் லயத்திலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, ஒரு அக்கா பிறப்புச் சான்றிதழ் விஷயமாகப் போவதென்றால், சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் போவார். பலகை இருப்பதும் உண்மை, துணைக்கு ஆள் தேவைப்படுவதும் உண்மை. இரண்டாவதை யாரும் எழுதி வைக்கவில்லை. அதை எழுதத்தான் நாங்கள் சிலர் சேர்ந்தோம்.

நான் நுவரெலியா மாவட்டத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தவர். நான் இப்போது ஆசிரியை. எங்கள் குழுவில் என்னைப்போல் வேலைக்குப் போன இரண்டொருவர், உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள், தோட்டத்து மாதர் சங்கத்தைச் சேர்ந்த சிலர் இருக்கிறோம். அலுவலகம் கிடையாது. தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பிராவில் பின்னேரம் கூடுவோம், அவ்வளவுதான்.

சட்டத்தைப் பார்த்தால் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. 1956இல் சிங்களம் மட்டும் என்று வந்த சட்டத்திலிருந்து நாடு வெகுதூரம் வந்துவிட்டது, தாளில். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழும் ஓர் அரசகரும மொழி என்றது. அடுத்த ஆண்டு வந்த 16ஆவது திருத்தம் இரண்டு மொழிகளையும் நாடு முழுவதற்கும் நிர்வாக மொழியாக்கியது. அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரையின்படி, சிங்களத்தில் பதிவேடு நடக்கும் பகுதியிலும் நான் தமிழில் எழுதலாம், தமிழில் பதில் வாங்கலாம், எனக்குத் தரும் ஆவணத்தைத் தமிழில் கேட்கலாம். வடக்கில் வாழும் சிங்களவருக்கும் இதே உறுப்புரைதான் கைகொடுக்கிறது. 1999இல் வந்த வர்த்தமானி நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச செயலகங்களை இருமொழிப் பிரிவுகளாக்கியது. அரச ஊழியர் இரண்டாவது மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2007இல் 07ஆம் இலக்கச் சுற்றறிக்கை வந்தது. முறைப்பாடு செய்ய 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டப்படி அரசகரும மொழிகள் ஆணைக்குழு இருக்கிறது. மொழி முறைப்பாடுகளுக்கென்று ஒரு குறுந்தொலைபேசி எண்ணும் அறிவித்தார்கள்: 1956. எந்தப் புண்ணியவான் தெரிவு செய்தாரோ!

இவ்வளவு இருந்தும் எங்கள் பக்கத்திலிருந்து முறைப்பாடு போவது அரிது. இதற்குக் காரணம் சோம்பல் என்று நினைத்துவிட வேண்டாம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எங்கள் தாத்தா பாட்டிகளை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் உட்கார்ந்து யார் யார் கப்பலேறுவது என்று எண்ணிக்கை பேசினார்கள். மிச்சமிருந்தவர்களின் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் ஒருவழியாகத் தீர்ந்தது. இரண்டு தலைமுறை அப்படி வாழ்ந்த சனத்துக்குக் கந்தோர் என்றால் போய்க் காரியம் முடித்துக்கொண்டு சத்தமில்லாமல் திரும்பி வர வேண்டிய இடம். முறைப்பாடு செய்கிற இடமாக அதை நினைத்துப் பழகவில்லை.

தொடக்கத்தில் ஒரு நிறுவனம் தந்த கேள்விக்கொத்து கையில் இருந்தது. அதில் முதல் கேள்வி: “கடந்த ஆறு மாதங்களில் உங்கள் மொழி உரிமை மீறப்பட்டதா?” பிள்ளைக் காம்பிராவில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இல்ல மிஸ், அப்படி ஒன்னும் நடக்கல” என்றார் ஒருவர். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

கொஞ்ச நேரம் வேறு கதை ஓடியது. விலைவாசி, அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவுப் பட்டியலில் பெயர் விட்டுப்போனது, யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று. நடுவில் மூலையில் இருந்த ஒரு அக்கா சொன்னார்: “கந்தோருக்குப் போனா பேசறதுக்கு அந்தத் தம்பியக் கூட்டிக்கிட்டுப் போறோம்ல, அவருக்குக் குடுக்கற காசையும் இதுல எழுதலாமா மிஸ்?”

அப்புறம் பேச்சை நிறுத்த முடியவில்லை. துணைக்கு வருபவருக்குப் பஸ் காசு, மத்தியானச் சாப்பாடு, கையில் ஏதாவது. மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகாததால் அன்றைய பேரும், அதாவது நாள் சம்பளமும், இல்லை. காரியம் முடியாமல் மறுபடி வரச் சொன்னால் இதெல்லாம் இரண்டு மடங்கு. சிலருக்கு வேறு விதச் செலவு. பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு மகளைக் கூட்டிப் போகிறார்கள். குடும்பக் கட்டுப்பாடு பற்றித் தாதியிடம் பேச ஒரு தாய் பன்னிரண்டு வயது மகளை நடுவில் வைத்துக்கொண்டு பேசியிருக்கிறார். இதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

எங்கள் கண்காணிப்பின் அளவுகோல் அன்றைக்கே முடிவாகிவிட்டது: போன காரியத்துக்குத் துணை ஆள் தேவைப்பட்டதா, அவருக்கு என்ன செலவானது. இதை எந்த நிபுணரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. பலகையை எண்ணுவது வெளியாளுக்குச் சுலபம், அதனால் அதை எண்ணுகிறார்கள். எதை எண்ண வேண்டும் என்று முடிவெடுக்கும் இடத்தில் கவுண்டரில் நிற்பவர்கள் இருக்க வேண்டும். தகவல் சேகரிக்கும் கட்டத்தில் மட்டும் சமூகத்தைக் கூப்பிடுவது பாதி வேலைகூட இல்லை.

பதிவு செய்யச் சாதாரண கொப்பிதான் எடுத்தோம். தேதி, எந்தக் கந்தோர், எந்த மேசை, என்ன காரியம், அங்கே பேசிய மொழி, தந்த தாளின் மொழி, துணைக்கு வந்தது யார், பேர் போனதா, மொத்தச் செலவு. இதற்கு மேல் கட்டம் போட்டால் யாரும் நிரப்ப மாட்டார்கள். போன அன்றைக்கே எழுத வேண்டும் என்பதில் மட்டும் கறாராக இருந்தோம். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் “சிங்களத்துல என்னமோ சொன்னாங்க” என்பதைத் தவிர வேறெதுவும் மிஞ்சாது.

ஆட்களின் பெயர் கொப்பியில் இல்லை, இலக்கம் மட்டும். பெயரும் இலக்கமும் உள்ள தாள் வேறொருவர் வீட்டில் இருக்கும். தோட்டத்தில் குடியிருக்கும் வீடு தோட்டத்துடையது, வதிவிடச் சான்றிதழுக்கு அதே கிராம உத்தியோகத்தரிடம்தான் மறுபடியும் போக வேண்டும். கொப்பி தப்பித் தவறி யார் கையிலாவது சிக்கினாலும் ஒருவருக்கும் வில்லங்கம் வரக்கூடாது. சிறுபான்மையினரைக் கண்காணிப்பில் பங்கேற்கச் சொல்லி ஊக்குவிக்கும் அமைப்புகள் பல இந்தப் பாதுகாப்பைக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாக வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். தோட்டத்தில் இதுதான் முதல் கேள்வி. இதற்குப் பதில் இல்லாவிட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கொப்பிகள் நிரம்பியதும் ஓர் ஒழுங்கு தெரிந்தது. வாய்ப்பேச்சை ஓரளவு சமாளித்துவிடலாம். காவலாளியோ பயிலுநராக வந்த பட்டதாரிப் பிள்ளையோ மொழிபெயர்த்துவிடுவார்கள். தமிழ்ப் படிவம் அச்சாகியிருக்கும், ஆனால் அலுமாரிக்குள் இருக்கும், அல்லது முடிந்துபோயிருக்கும். சிங்களப் படிவம்தான் மேசையில் இருக்கும். சேமலாப நிதிக் கடிதம், நீதிமன்ற அறிவித்தல் போன்று வீட்டுக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் சிங்களத்தில். கடையில் கொடுத்து வாசித்துக் கேட்கிறார்கள், அதோடு குடும்ப விஷயம் ஊர் விஷயமாகிவிடுகிறது.

எல்லாவற்றிலும் மோசம் பொலிஸ் வாக்குமூலம். ஒரு சம்பவத்தை மட்டும் சொல்கிறேன். வீட்டில் அடி தாங்க முடியாமல் ஒரு பெண் இரவோடு இரவாகப் பொலிஸ் நிலையத்துக்குப் போனார். எந்த நிலையம் என்று சொல்ல விரும்பவில்லை, இது ஓர் இடத்துக் கதை இல்லை. அவர் தமிழில் சொன்னதைக் கடமையில் இருந்தவர் தனக்குத் தெரிந்த அளவு கேட்டுச் சிங்களத்தில் எழுதினார். கையொப்பம் போடச் சொன்னார்கள், போட்டார். பிறகு விஷயம் மத்தியஸ்த சபை வரை போனபோதுதான், பக்கத்து வீட்டாரோடு வாய்த்தர்க்கம், கணவர் தடுத்தார் என்கிற மாதிரி எழுதியிருப்பது தெரிந்தது. அடித்தவர் தடுத்தவராகிவிட்டார்! வேண்டுமென்று எழுதினார்களா, விளங்காமல் எழுதினார்களா, தெரியாது. கீழே இருந்த கையொப்பம் அவருடையது. அதற்கு மேல் அவர் என்ன வாதாட முடியும்?

இதன் பிறகு குழுவில் எல்லோருக்கும் ஒரு நடைமுறை சொல்லிக் கொடுத்தோம். முடிந்தால் நடந்ததைத் தமிழில் வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள், அதையும் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். சிங்களத்தில் எழுதினால் வாசித்துத் தமிழில் சொல்லும்படி கேளுங்கள். சொல்லாவிட்டால், கையொப்பத்துக்கு மேலே உங்கள் கையெழுத்திலேயே தமிழில் ஒரு வரி எழுதுங்கள்: “இது எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்படவில்லை.” முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள். அந்த ஒரு வரியை எழுதப் பேனா எடுத்ததும் தமிழ் தெரிந்த ஒருவரை எங்கிருந்தோ கூப்பிட்டு வந்ததாக இரண்டு பேர் வந்து சொன்னார்கள்.

எங்களுக்குக் கிடைத்த நல்ல ஆயுதம் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. தமிழில் விண்ணப்பிக்கலாம். எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

கேள்வி கேட்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. “ஏன் தமிழில் சேவை வழங்குவதில்லை?” என்று கேட்டால் பதிலாக ஒரு சொற்பொழிவு வரும். “வழங்கிக்கொண்டுதான் இருக்கிறோம்” என்று ஒரே வரியிலும் முடித்துவிடுவார்கள். எண்ணைக் கேளுங்கள், தாளைக் கேளுங்கள். அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எத்தனை? அதில் மொழித் தேர்ச்சிச் சுற்றறிக்கைப்படி தமிழ்த் தேர்ச்சி பெற்றவர்கள் எத்தனை பேர்? மொழிபெயர்ப்பாளர் பதவி எத்தனை, வெற்றிடம் எத்தனை, எந்தத் தேதியிலிருந்து? கடந்த ஆண்டு பொதுமக்களுக்கு அனுப்பிய கடிதங்களில் தமிழில் எத்தனை? கடைசிக் கேள்விக்கு “அவ்வாறான பதிவு பேணப்படுவதில்லை” என்று பதில் வரும். அதுவே நல்ல பதில்தான், பத்திரப்படுத்தி வையுங்கள்.

ஓர் அலுவலகம் நாங்கள் தமிழில் கேட்டதற்குச் சிங்களத்தில் பதில் அனுப்பியது. பிள்ளைகளுக்குக் கோபம். எனக்குச் சந்தோஷம். 22ஆவது உறுப்புரை மீறப்பட்டதற்கு அதைவிடச் சிறந்த ஆதாரம் எங்கே கிடைக்கும்? முத்திரை, தேதி, கையொப்பம் எல்லாம் சேர்த்து அவர்களே தபாலில் அனுப்பிவிட்டார்கள். கடித உறையையும் எறியாமல் இணைத்து, இராஜகிரியவில் இருக்கும் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்குப் பதிவுத் தபாலில் முறைப்பாடு போட்டோம். சும்மா மனக்குறையாக எழுதிய எங்கள் பழைய கடிதங்கள் கிணற்றில் போட்ட கல். இதற்குப் பதில் வந்தது, விசாரணைக்கும் எடுத்தார்கள். மெதுவாகத்தான் நடக்கும், மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். ஆணைக்குழுவின் பரிந்துரையை நிறுவனம் 90 நாட்களுக்குள் நிறைவேற்றாவிட்டால் நீதிமன்றம் போகவும் சட்டத்தில் வழி உண்டு. நாங்கள் அதுவரை போனதில்லை.

மொழியின் பெயரால் பாகுபாடு காட்டியதென்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் போகலாம். அங்கே காலக்கெடு முக்கியம். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் தவணை. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் தவணையில் சேராது. எங்கள் சனம் பொதுவாகத் திருவிழா முடியட்டும், சம்பளம் வரட்டும் என்று தள்ளிப்போடும். தவணை அதற்குள் போய்விடும். அதனால்தான் கொப்பியில் முதல் கட்டம் தேதி.

இதற்கிடையில் எங்களுக்கும் ஒரு கதிரை கிடைத்தது. மொழிக் கொள்கை அமுலாக்கத்தை மீளாய்வு செய்யும் கூட்டமொன்றுக்குச் சிவில் சமூகப் பிரதிநிதிகள் என்று அழைப்பு வந்தது. நல்ல சேலை கட்டிக்கொண்டு மூன்று பேர் போனோம். நிகழ்ச்சி நிரல் சிங்களத்தில். முன்னேற்ற அறிக்கை சிங்களத்தில். “தமிழில் பிறகு தருவோம்” என்றார்கள். கடைசியில் வருகைப் பதிவேட்டில் கையொப்பம் மட்டும் கேட்டு வாங்கினார்கள். சிறுபான்மையினரின் பங்களிப்போடு மீளாய்வு நடந்தது என்று அந்தக் கையொப்பம் சாட்சி சொல்லும் இல்லையா? எங்களோடு வந்த மாதர் சங்கத்து அக்கா பேனாவை எடுத்து, பெயருக்குப் பக்கத்தில் தமிழில் “அறிக்கை விளங்கவில்லை” என்று எழுதிவிட்டு வந்தார். அடுத்த கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளர் இருந்தார்.

இப்போது எந்தக் குழுவுக்கு அழைத்தாலும் முதலில் எழுத்தில் கேட்கிறோம்: நிகழ்ச்சி நிரலும் அறிக்கையும் ஒரு வாரம் முன்னதாகத் தமிழில் வருமா, நாங்கள் ஒரு விடயத்தைச் சேர்க்கலாமா, கூட்ட அறிக்கை தமிழில் கிடைக்குமா? மூன்றுக்கும் இல்லை என்றால் போவதில்லை. வெறும் ஆளாகப் போய் உட்காருவதைவிட வெளியே நின்று கடிதம் எழுதுவது மேல் என்பது என் கருத்து. குழுவில் எல்லோரும் இதை ஏற்கவில்லை. உள்ளே போனால்தான் நாலு பேரைத் தெரியும் என்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது.

யார் போவது என்பதிலும் இழுபறி வந்தது. பிரதிநிதி என்றாலே தொழிற்சங்கத் தலைவர்மார்தான் என்ற பழக்கம் இங்கே ஆழமானது. சங்கங்கள் இல்லாவிட்டால் சம்பளப் பேச்சுவார்த்தையே கிடையாது, அதை மறுக்கவில்லை. ஆனால் சான்றிதழுக்கும் கிளினிக்குக்கும் பள்ளி அனுமதிக்கும் வரிசையில் நிற்பது பெண்கள். தலைவர் போனால் கந்தோரில் கதிரை போடுவார்கள், தமிழிலும் பேசுவார்கள். அவருக்குப் பிரச்சினை இருப்பதே தெரியாது. அதனால் தலைவர் ஒருவர் வந்தால் வரிசையில் நிற்கும் பெண் ஒருவரும் கட்டாயம் வர வேண்டும் என்று பேசி முடித்தோம்.

சிங்கள உத்தியோகத்தர் எல்லோரும் எதிர்ப்பக்கம் என்று யாரும் நினைக்கக் கூடாது. ஒரு கந்தோரில் ஓர் உத்தியோகத்தர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, “மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நான் கேட்டால் மேலிடம் தேவையில்லை என்கிறது. நீங்கள் முறைப்பாடு எழுதுங்கள், அதை வைத்து நான் கேட்கிறேன்” என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு முறைப்பாட்டிலும் கடைசிப் பத்தியில், இந்த அலுவலகத்துக்கு இத்தனை ஆட்கள் தேவை என்று சேர்த்து எழுதுகிறோம். ஆளைக் குற்றம் சொன்னால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். வெற்றிடத்தைச் சொன்னால் அவரும் நம் பக்கம் நிற்க ஒரு வழி உண்டாகிறது.

வெளிநாட்டுப் பொறிமுறைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐரோப்பாவில் தேசிய சிறுபான்மையினர் பாதுகாப்புக்கான சட்டக ஒப்பந்தம் 1998 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் கீழ் நிபுணர் குழு நாடுகளுக்கு நேரில் போய்ச் சிறுபான்மை அமைப்புகளைச் சந்திக்கிறது. தென்னாசியாவில் அப்படி எதுவும் கிடையாது. நமக்கு இருப்பது ஐ.நா. கதவுதான். சிறுபான்மை விவகாரங்களுக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ரீட்டா ஐசாக் 2016 ஒக்டோபரில் இலங்கைக்கு வந்தார். ஐ.நா.வின் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழுவுக்கும், ஒவ்வொரு நாட்டின் மனித உரிமை நிலையையும் பார்க்கும் உலகளாவிய காலமுறை மீளாய்வுக்கும் சிவில் அமைப்புகள் தனியாக எழுதலாம். மீளாய்வுக்குத் தனி அமைப்பு எழுதினால் 2,815 சொற்கள்தான் வரம்பு. தமிழில் ஏற்க மாட்டார்கள். எங்களைப் போன்ற சிறு குழு பெரிய கூட்டமைப்பொன்றோடு சேர்ந்து போவதுதான் நடைமுறை. அங்கே எங்கள் கொப்பியிலிருந்து போனது ஒரே ஒரு பந்தி: துணை ஆள் செலவுக் கணக்கு. கூட்டமைப்பில் இருந்தவர்கள் சட்டம் எல்லாம் எங்களைவிட நன்றாக எழுதினார்கள், இந்தக் கணக்கு மட்டும் அவர்களிடம் இல்லை.

என்ன மாறியது என்று கேட்டால், கொஞ்சம்தான். ஒரு பிரதேச செயலகத்தில் தமிழ்ப் படிவங்கள் அலுமாரியிலிருந்து வெளியே வந்து மேசையில் இருக்கின்றன. பொலிஸ் நிலையமொன்றுக்குத் தமிழ் தெரிந்த பெண் உத்தியோகத்தர் வந்தார், நல்ல பிள்ளை, பிறகு இடமாற்றமாகிப் போய்விட்டார். மொழிபெயர்ப்பாளர் வெற்றிடம் வெற்றிடமாகவே இருக்கிறது. ஒவ்வொரு ஜனவரியிலும் அதே கேள்விகளை அதே வரிசையில் அனுப்புகிறோம், வருடத்துக்கு வருடம் ஒப்பிட வசதியாக. வரும் ஜனவரியிலிருந்து ஆஸ்பத்திரியையும் சேர்க்கப் போகிறோம். மருந்தை எத்தனை வேளை குடிப்பது என்று சிங்களத்தில் மட்டும் எழுதித் தரும் உறைகளை எறியாமல் எடுத்து வைக்கும்படி எல்லா லயத்துக்கும் சொல்லியாகிவிட்டது.